தியேட்டர் சிஸ்டருக்காக, லூர்து மேரி

“ஊசி போடறவங்கதானே, அதுல என்ன பெரிய நர்ஸு, சின்ன நர்ஸு?”

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் பக்கத்து அம்மாளிடம் இப்படிக் கேட்டது என் காதில் விழுந்தது. பஸ் காவேரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு வேலையில் முதல் நாள். ஒரு டிரஸ்டு நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளின் கிரேடு, இன்கிரிமென்ட், லீவு இவற்றைக் கவனிக்கும் குமாஸ்தா. பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்திருந்த எனக்கும் அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. டிக்கெட்டை மடித்து மடித்துப் பொடியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உயிரோடு நடமாடுகிறவரைக் காகிதத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். காகிதத்தில் அகப்படாவிட்டால் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் எழுதிவிட வேண்டும். ஃபைல் கட்டி அவிழ்த்தவர்களுக்கும், அந்த ஃபைலுக்காக வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நயா பைசா வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். ஆஸ்பத்திரியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் ஆபீஸின் பெயரைப் போட்டுக்கொண்டே படிக்கலாம், பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒரு மைக்கூடு மேஜை

எங்கள் ஆபீஸில் எல்லா மேஜையிலும் இரண்டு மைக்கூடு இருக்கும். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சர்வீஸ் ரிஜிஸ்டரில் தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, அழிக்கக் கூடாது. சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, ஓரத்தில் இனிஷியல் வைக்க வேண்டும். ஹெட்கிளார்க் வரதராஜன் சார் மேஜையில் மட்டும் ஒரே மைக்கூடு, நீலம். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவருக்குச் சிவப்பு தேவைப்பட்டதில்லை. ஆடிட்டுக்கு வருகிறவர்கள்கூட அவர் எழுதிய ரிஜிஸ்டரை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கப் போவார்கள்.

சேர்ந்த மூன்றாம் நாள் நான் ஒரு வார்டு நர்ஸின் பிரசவ லீவை இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த இன்னொருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். வரதராஜன் சார் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் ஸ்ரீரங்கம்தான், அப்பாவைத் தெரிந்தவர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“போடும்மா, கோடு போடு. நீ புதுசு, போடலாம். நான் போட்டா முப்பத்தொரு வருஷம் போயிடும்” என்றார்.

நல்ல இங்கிலீஷ்

இரண்டாம் மாதம் லூர்து மேரியின் மனு வந்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மதராஸில் ஆறு மாதம் தியேட்டர் வேலைக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர். எங்கள் ஆஸ்பத்திரியில் முன்பு இருந்த தியேட்டர் சிஸ்டர் மகனோடு பெங்களூருக்குப் போய்ப் பதினோரு வருஷமாகியிருந்தது. அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அந்த வேலையை அன்றிலிருந்து லூர்து மேரிதான் பார்க்கிறார். கிரேடு மட்டும் வார்டு நர்ஸுக்குரிய ஸ்டாஃப் நர்ஸ் கிரேடு. டாக்டர்கள், நோயாளிகள், கேட் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர், சம்பளப் பட்டியலைத் தவிர. தனக்கு அதற்கு மேல்படியான சிஸ்டர் கிரேடு வேண்டும் என்று அரைப் பக்கத்தில் கேட்டிருந்தார்.

வரதராஜன் சார் தியேட்டர் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் துணியும் கருவியும் கணக்குச் சரி என்று தியேட்டர் சிஸ்டர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷமாக எல்லாக் கட்டத்திலும் ‘தியேட்டர் சிஸ்டருக்காக’ என்று எழுதி, கீழே லூர்து மேரி என்று இருந்தது. ஆகவே மனுதாரர் பொறுப்பில் இருந்தவர் அல்ல, பொறுப்பில் இருந்தவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டவர் மட்டுமே, கிரேடு தர இயலாது என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றாமல் கடிதம் போயிற்று. அன்று வீட்டில் அப்பாவிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். லோஷனில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கையில் என் கடிதம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

“நீங்க எழுதினதாச் சொன்னாங்க. நல்ல இங்கிலீஷுங்க. இல்லைங்கறதை எனக்கு யாரும் இவ்வளவு மரியாதையாச் சொன்னதில்லை.”

இருபத்து மூன்று

வருஷக் கடைசி சாமான் சரிபார்ப்புக்கு என்னைத் தியேட்டருக்கு அனுப்பினார்கள். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்ததால் கை கழுவும் அறையில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், செருப்பில்லாமல் பட்டியலோடு நின்றேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்தேன்.

ரத்தம் ஒற்றும் துணிகளை அங்கே மாப் என்கிறார்கள். சர்ஜன் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் லூர்து மேரி வாய்விட்டு எண்ணினார். கொடுத்தது இருபத்து நான்கு. திரும்பி வந்தது இருபத்து மூன்று. சர்ஜன் கோபத்துக்குப் பேர் போனவர். திரும்ப எண்ணச் சொன்னார். எண்ணினார், இருபத்து மூன்றுதான். தான் உள்ளே பார்த்தாகிவிட்டது, எதுவும் இல்லை என்றார் சர்ஜன். லூர்து மேரி தைக்கும் நூலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நீட்டிய கையோடு சர்ஜன் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி தேடினார். மாப் உள்ளே இருந்துதான் வந்தது.

எனக்குச் சுவர் மெல்ல மேலே போவது போலிருந்தது. கண்ணைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன், ஆயா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். லூர்து மேரி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து ரிஜிஸ்டரைத் திறந்தார். ‘தியேட்டர் சிஸ்டருக்காக’ என்று எழுதினார். அந்த ஆஸ்பத்திரியில் நானாக வாய் திறந்து ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். யாருக்காகப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அது எனக்கும் தெரியலைங்க. பதினோரு வருஷமா அவங்க வரவேயில்லை. மொத நாள் ஆபீஸ்ல இப்படிப் போடச் சொன்னாங்க, போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார்.

கேட்டதால் நடந்தது

மனுவால் ஒரு பலனும் இல்லாமல் போகவில்லை. தியேட்டர் சிஸ்டர் இடம் காலியாக இருப்பது டிரஸ்டின் கமிட்டிக்கு ஞாபகம் வந்துவிட்டது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். தியேட்டர் சிஸ்டராக ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்று விதி. லூர்து மேரியும் விண்ணப்பம் போட்டார். வந்த விண்ணப்பங்களைத் தகுதி உள்ளவை, இல்லாதவை என்று இரண்டு கட்டாகக் கட்டுவது என் வேலை. அவருடையதை இல்லாத கட்டில் வைக்க வேண்டியிருந்தது. ஆதாரம், நான் எழுதிய அதே கடிதம்.

தகுதி உள்ள கட்டில் முதலாவது கமலா என்ற பெண்ணுடையது. மதுரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிஸ்டராக ஆறு வருஷம் இருந்தவர். அதற்கு முன்னால் எங்கள் தியேட்டரில் லூர்து மேரியிடம் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொண்டவர். கமலா வந்தால் லூர்து மேரி எண்ண வேண்டும், கமலா கையெழுத்துப் போட வேண்டும். சர்டிபிகேட் காட்ட வந்த அன்று வராந்தாவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். லூர்து மேரி, மெலிந்துவிட்டாயே, சாப்பிட்டாயா என்று விசாரித்தார். கமலாவுக்குத்தான் முகம் வெளிறிவிட்டது.

“அக்கா, நீங்க இன்னும் இங்கேதான் இருக்கீங்களா? இடம் காலின்னு போட்டிருந்துச்சே, அதனாலதான் நீங்க வேற ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சு நான் போட்டேன்.”

ஸ்பீக்

அன்று முதல் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பழைய கட்டுகள் இருக்கும் அறையில் கழித்தேன். தயிர் சாதத்தில் தூசி விழுந்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது ஒரு காகிதம் அகப்பட்டது. பழைய சிஸ்டர் போன அன்று, அப்போதைய பெரிய டாக்டர் போட்ட உத்தரவு. ‘லூர்து மேரி இன்று முதல் ஆபரேஷன் தியேட்டரின் பொறுப்பை ஏற்க வேண்டும். சர்வீஸ் ரிஜிஸ்டரில் பதியவும்.’ ரிஜிஸ்டரில் அதே தேதியைப் பார்த்தேன். ‘இடம் நிரப்பப்படும் வரை தியேட்டர் சிஸ்டருக்காகக் கையெழுத்திடுவார்’ என்று பதிந்திருந்தது. அச்சடித்தது போன்ற எழுத்து. யாருடையது என்று எங்கள் ஆபீஸில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உத்தரவு இப்படி இருக்கிறது, பதிவு அப்படி இருக்கிறது, திருத்த வேண்டும் என்று குறிப்பு எழுதி வரதராஜன் சார் மேஜையில் வைத்தேன். பதிந்தவர் யார் என்று எழுதவில்லை. சாயங்காலம் குறிப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் இங்கிலீஷில் ஒரே வார்த்தை: ஸ்பீக். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், நேரில் வந்து பேசு, காகிதத்தில் எதுவும் மிஞ்ச வேண்டாம் என்று இதற்கு அர்த்தம். பாக்கிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு கண்டக்டரிடம் சரியான காசையே நீட்டுகிறவள் நான். போய் அவர் மேஜை அருகில் நின்றேன். அவர் நிமிரவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. திரும்பி வந்து அதே குறிப்பை இன்னொரு தாளில் எழுதி வைத்தேன். மறுபடி ஸ்பீக். மறுபடி போய் நின்று திரும்பினேன். மூன்றாவது தடவை குறிப்பின் கீழே ஒரு வரி சேர்த்தேன். ‘எனக்குப் பேச வரவில்லை, நான் சொல்ல வந்தது மேலே எழுதியிருப்பதுதான்.’

இந்தத் தடவை அவரே எழுந்து என் மேஜைக்கு வந்தார். குறிப்பு, உத்தரவு, சர்வீஸ் ரிஜிஸ்டர் மூன்றையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடி ஆளை முடிவு செய்கிறது, அதுவரை இவை தன்னிடம் இருக்கட்டும் என்றார். டிராயரைப் பூட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கப்பாவும் இப்படித்தான். வாயைத் திறக்க மாட்டார், விடவும் மாட்டார்.”

காலிக் கட்டம்

குமாஸ்தா செய்யக் கூடாத ஒன்றை அதற்கு அடுத்த நாள் செய்தேன். தியேட்டர் வாசலுக்குப் போய், இப்படி ஓர் உத்தரவு இருக்கிறது என்று லூர்து மேரியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உத்தரவின் வாசகத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடவில்லை. வேலையில் ஒரு குறை கிடையாது. முன்பு போலவே வாய்விட்டு எண்ணினார், சரியாக இருந்தால் சரி என்று சர்ஜனிடம் சொன்னார். கட்டம் மட்டும் காலி. நர்ஸுகளின் தலைவியான மேட்ரன் கேட்டதற்கு, அது தியேட்டர் சிஸ்டர் போட வேண்டிய இடம், அவர் வந்தால் போடுவார் என்று பதில். நீங்களே போட்டுவிடுங்கள் என்று ஆபீஸிலிருந்து மேட்ரனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தான் எண்ணாததற்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்று மேட்ரன் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் சர்ஜன் ரிஜிஸ்டரைப் பார்த்தார். அவசரக் கேஸ் தவிர மற்ற ஆபரேஷன்களை நிறுத்தி வைப்பதாக எழுதி அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை கமிட்டி செகரட்டரி வந்து இறங்கினார். தொட்டியத்தில் வாழைத்தோப்பு உள்ளவர். காசு விஷயத்தில் கெட்டி, மற்றபடி மோசமானவர் இல்லை. லூர்து மேரியையும் வரதராஜன் சாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நானும் போய் மூலையில் நின்றேன். பதினோரு வருஷமாகப் போட்ட கையெழுத்தை இப்போது போட மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஆரம்பித்தார். கமலா வரட்டும், அவள் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும், நீ வழக்கம் போல வேலையைப் பார் என்றார். நர்ஸு என்றால் நர்ஸுதான், இதில் தரம் பிரிக்க என்ன இருக்கிறது என்றும் கேட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் கேட்ட குரல் எனக்கு ஞாபகம் வந்தது. லூர்து மேரி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உங்க தோப்புல ரஸ்தாளித் தாரை மொந்தன் விலைக்குத் தருவீங்களாய்யா? ரெண்டும் வாழைதானே?”

சிவப்பு மை

செகரட்டரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. பிறகு வரதராஜன் சார் பக்கம் திரும்பி, இந்தம்மாள் விஷயமாக ஆபீஸில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள் என்றார். வரதராஜன் சார் இடுப்பிலிருந்து டிராயர் சாவியை எடுத்தார். அதைத் தானே கொண்டு போவாரா, என்னிடம் கொடுப்பாரா என்று பார்த்தேன். கொடுத்தார்.

சர்வீஸ் ரிஜிஸ்டரையும் பழைய உத்தரவையும் எடுத்து வந்தேன். பக்கம் தெரிவதற்குத் தாள் துண்டு செருகியிருந்தேன். செகரட்டரி கையை நீட்டினார். நான் ரிஜிஸ்டரை வரதராஜன் சார் முன்னால் திறந்து வைத்தேன். அவர் எழுதியது, அவரே படிக்கட்டும் என்று தோன்றிற்று. செகரட்டரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“எனக்கு இந்த ஆஸ்பத்திரியில தெரிஞ்சது புஸ்தகம் ஒண்ணுதான். அந்தம்மா பொறுப்புல இருந்ததா அதுல இருந்தா, விளம்பரத்தை வாபஸ் வாங்கிடறேன். கிரேடைப் பத்தி நாளைக்குக் கமிட்டியில நானே பேசறேன். இல்லைன்னா கமலாவுக்கு ஆர்டர் போயிடும். என்ன இருக்கு, சொல்லுங்க.”

வரதராஜன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தால் துடைத்துப் போட்டுக்கொண்டார். உத்தரவைப் படித்தார். தன் பதிவைப் படித்தார். மறுபடி உத்தரவைப் படித்தார். உத்தரவில் பொறுப்பு என்றுதான் இருக்கிறது என்றார், மெல்ல.

“புஸ்தகத்துல?”

வரதராஜன் சார் தன் பதிவின் மேல் விரலை வைத்தார். பொறுப்பு என்று பதிந்தால் பின்னால் கிரேடு கேட்பார்கள், ஆபீஸுக்குத் தொந்தரவு என்று அன்றைக்கு நினைத்திருக்கலாம். ஆபீஸுக்கு நல்லது என்று நினைத்தே செய்திருக்கலாம். நான் கேட்டதில்லை, அவரும் பிறகு சொன்னதில்லை. வெளியே வராந்தாவில் மணி பதினொன்று அடித்தது. ஸ்டெரிலைசரில் கொதிக்க வைத்த கருவிகள் ஆகியிருக்கும், தான் போகலாமா என்று லூர்து மேரி கேட்டார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று வரதராஜன் சார் கையமர்த்தினார். பதினோரு வருஷத்தில் அவர் லூர்து மேரியிடம் மரியாதையாக ‘இருங்கள்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவையாம். அதை லூர்து மேரி பிறகு எனக்குச் சொன்னார்.

வரதராஜன் சார் என் பக்கம் திரும்பினார்.

“உன் சிவப்பு மையை எடுத்துண்டு வா. ஸ்கேலும்.”

கொண்டு வந்து வைத்தேன். பேனாவைத் தோய்த்து, கூட்டின் விளிம்பில் இரண்டு தடவை வழித்துவிட்டு, முப்பத்தொரு வருஷமாகச் சிவப்பே படாத அந்த எழுத்தின் மேல் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே ‘பொறுப்பேற்றார்’ என்று எழுதி, ஓரத்தில் இனிஷியல் வைத்து, மை காயும் வரை குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்.